போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் ஏன் செல்லாது? நம்ம செங்கல்பட்டு சீமையோட ஒரு பழைய கணக்கு

கோர்ட் சீன் வர்ற எந்தப் படத்தை எடுத்தாலும் இது இருக்கும். "அடிச்சு எழுதி வாங்கிட்டாங்க ஐயா"ன்னு கைதி சொல்லுவான். வக்கீல் எழுந்து, போலீஸ்கிட்ட கொடுத்த வாக்குமூலம் சாட்சியமே ஆகாதுன்னு சட்டப்பிரிவு நம்பரோட சொல்லுவார். இந்த விதியை வெள்ளைக்காரன் லண்டன்லேர்ந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்தான்னு பல பேர் நினைக்கிறாங்க. இங்கிலாந்துல அப்படி ஒரு முழுத் தடை அப்பவும் கிடையாது, இப்பவும் கிடையாது. அது மெட்ராஸ் மாகாணத்து விவசாயிங்க பட்ட அடியிலேர்ந்து பிறந்த விதி.

த்ரெட் கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

உத்திரமேரூர் பக்கத்து ஆள் வரலாறு எழுதினா குடவோலைக் கல்வெட்டைத்தான் எதிர்பார்ப்பீங்க. அதைப் பத்தி எழுத ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. நான் டாக்டர். எனக்குப் பரிச்சயமானது உடம்பும், ஒரு மனுஷன் வாயால சொன்னதை இன்னொருத்தர் பேப்பர்ல எழுதற வேலையும். இந்தக் கதை அந்த ரெண்டையும் பத்தினது.

1854-ல லண்டன் பார்லிமென்ட்ல ஒரு பிரச்னை கிளம்புச்சு. மெட்ராஸ் மாகாணத்துல நிலவரி வசூல் பண்ண குடியானவங்களைச் சித்திரவதை பண்றாங்கன்னு குற்றச்சாட்டு. கம்பெனி தரப்பு மறுத்துச்சு. கடைசியில மெட்ராஸ்லயே மூணு பேர் கமிஷன் போட்டாங்க: எலியட், ஸ்டோக்ஸ், அப்புறம் வக்கீல் ஜான் புரூஸ் நார்ட்டன். புகார் உள்ளவங்க நேர்ல வரலாம், கடுதாசி போடலாம்னு அறிவிப்பு. சில மாசத்துல வந்த புகார் ஏறத்தாழ 2000. ரயிலே ஓட ஆரம்பிக்காத மெட்ராஸ் மாகாணம் அது. நடந்தும் மாட்டு வண்டியிலயும் வந்து சொல்லியிருக்காங்க. 1855 ஏப்ரல்ல அறிக்கை வந்துச்சு.

அந்த அறிக்கையில வர்ற ரெண்டு வார்த்தை தமிழ். இங்கிலீஷ்ல மொழிபெயர்க்க முடியாம அப்படியே எழுதியிருக்காங்க. ஒன்னு கிட்டி. ரெண்டு குச்சியை ஒரு முனையில சேர்த்துக் கட்டி, நடுவுல விரலை வெச்சு நெருக்கறது. இன்னொன்னு அண்ணாந்தாள். கழுத்தையும் காலையும் கயித்தால பிணைச்சு, ஆளைக் குனிஞ்ச வாக்குலயே மணிக்கணக்கா நிக்க வைக்கறது. இதுங்க தவிர வெயில்ல நிறுத்தறது, சோறு தண்ணிக்கு விடாம அடைச்சு வைக்கறது, ஒன்னுக்குப் போக விடாம இருக்கறது, மாட்டை மேய்ச்சலுக்கு அவுக்க விடாம தடுக்கறது, மிளகாய்ப்பொடி, கடிக்கிற பூச்சியைக் கொட்டாங்குச்சிக்குள்ள விட்டு தொப்புள் மேல கவுத்துக் கட்டறதுன்னு பட்டியல் போகுது.

டாக்டரா இந்தப் பட்டியலைப் படிச்சா முதல்ல கண்ணுல படறது ஒன்னுதான். இதுல பாதிக்கு மேல உடம்புல தடமே விடாது. வெயில்ல நின்னவனுக்கும், மூத்திரத்தை அடக்கினவனுக்கும், நாள் முழுக்க குனிஞ்சே நின்னவனுக்கும் அடுத்த வாரம் எந்த டாக்டராலயும் காயச் சான்று எழுத முடியாது. 2002-க்கு அப்புறம் அமெரிக்க சிஐஏ 'ஸ்ட்ரெஸ் பொசிஷன்'னு பேர் வெச்சு செஞ்சது, நம்ம அண்ணாந்தாளோட பேரப்பிள்ளை.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். அன்னைக்கு மெட்ராஸ் மாகாணத்துல வரி வசூல் பண்றவரும் தாசில்தார்தான், போலீஸ் தலைவரும் தாசில்தார்தான். வரி பாக்கிக்குப் பயன்பட்ட கிட்டியே திருட்டு கேஸ்ல 'ஒத்துக்கோ'ன்னு சொல்லவும் பயன்பட்டுச்சு. கமிஷன் இதைச் சரியா புடிச்சுது. ஆனா பழி முழுக்க கீழ இருந்த நம்ம ஆளுங்க மேல போச்சு, வெள்ளைக்காரக் கலெக்டருக்கு எதுவும் தெரியாத மாதிரி. இவ்வளவு வரி இந்த மாசத்துக்குள்ள வரணும்னு உத்தரவு போட்டவர் யாருன்னு கேட்டிருந்தா அறிக்கை வேற மாதிரி வந்திருக்கும். 1857 செப்டம்பர்ல நியூயார்க் பத்திரிகை ஒன்னுல கார்ல் மார்க்ஸ் இதே அறிக்கையை எடுத்து வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். சிப்பாய்ங்க கொடுமை பண்றாங்கன்னு லண்டன் கத்திக்கிட்டு இருந்த நேரம் அது.

அறிக்கைக்குப் பலன் இருந்துச்சு. 1859-ல மெட்ராஸ் போலீஸ் சட்டம் வந்து, போலீஸ் வேலை தாசில்தார்கிட்டேர்ந்து பிரிஞ்சுது. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல, போலீஸ் அதிகாரிகிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை குற்றவாளிக்கு எதிரா பயன்படுத்தக்கூடாதுன்னு எழுதினாங்க. 1872 சாட்சியச் சட்டத்துல அதுவே 25-ஆம் பிரிவு ஆச்சு. மாஜிஸ்திரேட் முன்னாடி சொன்னா மட்டும் எடுத்துக்கலாம்.

அந்த 1872 சட்டத்தை வடிச்சவர் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். இந்திய போலீஸ் ஏன் கைதியை வதைக்குதுன்னு ஒரு அதிகாரியைக் கேட்டதுக்கு வந்த பதிலை அவர் பின்னாடி பதிவு பண்ணியிருக்கார். சாராம்சம் இதுதான்: எல்லாம் சோம்பேறித்தனம். வெயில்ல அலைஞ்சு தடயம் தேடறதைவிட நிழல்ல உக்காந்து ஒருத்தன் கண்ணுல மிளகாய்ப்பொடி தேய்க்கறது சுகம். இந்த வெயில், நிழல் விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி தேவைப்படும்.

அடுத்த நூறு வருஷத்துக்கு மேல 25-ஆம் பிரிவு அப்படியே இருந்துச்சு. அடி நின்னுச்சான்னு கேட்டா, இல்ல. ஆனா அடிச்சு வாங்கின பேப்பருக்கு கோர்ட்ல மதிப்பு இல்லாம இருந்துச்சு. பஞ்சாப் எரிஞ்சுக்கிட்டு இருந்த காலத்துல தடா வந்தது, முதல்ல 1985-ல, அப்புறம் விரிவா 1987-ல. அதோட 15-ஆம் பிரிவு ஒரே அடியில 1861-க்கு முன்னாடி காலத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு: எஸ்பி பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி பதிவு பண்ணின வாக்குமூலம் செல்லும். போலீஸ் காவலும் வழக்கமான 15 நாள் இல்ல, 60 நாள் வரைக்கும். 1994-ல கர்த்தார் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி அமர்வு இதை ஏத்துக்கிச்சு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினவர் நம்ம ரத்தினவேல் பாண்டியன். வாக்குமூலத்தை எப்படிப் பதியணும்னு நிபந்தனை எல்லாம் போட்டார். அதே அமர்வுல ரெண்டு நீதிபதிங்க 15-ஆம் பிரிவே செல்லாதுன்னு தனியா எழுதினாங்க.

இப்ப ஸ்ரீபெரும்புதூர். இங்கேர்ந்து வாலாஜாபாத் வழியா போனா ஒரு மணி நேரத்துப் பயணம்.

1991 மே 21 ராத்திரி 10 மணி தாண்டி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோட பதினஞ்சு பேருக்கு மேல செத்தாங்க. பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரங்க அதுல பல பேர். இதைச் சொல்லாம மீதியைப் பேசறது நியாயம் இல்ல. அந்தக் குடும்பங்க யாரும் ஊர்வலம் போகல, போஸ்டர் ஒட்டல. அவங்களை நாம மறந்தே போயிட்டோம்.

கேஸ் எப்படித் துலங்குச்சு? செத்துக் கிடந்த போட்டோகிராபர் ஹரிபாபு உடம்பு மேல ஒரு கேமரா இருந்துச்சு. அந்த ஃபிலிம்ல 10 படம். மாலையோட நிக்கற தணுவும், வெள்ளை ஜிப்பாவுல நோட்டுப் புத்தகத்தோட நிக்கற சிவராசனும் அதுல இருந்தாங்க. தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் சந்திரசேகரன் குழு, சிதறின உடம்பையும் துணித் துண்டையும் ஒயரையும் பொறுக்கி அடுக்கி, குண்டு ஒரு பெண்ணோட இடுப்பு பெல்ட்ல இருந்துச்சுன்னு நிறுவினாங்க. கார்த்திகேயன் தலைமையிலான சிபிஐ சிறப்புப் புலனாய்வுக் குழு சென்னையில 'மல்லிகை' கட்டடத்துல இருந்து வேலை பாத்துச்சு. இந்தியப் புலனாய்வு வரலாற்றுல நான் மதிக்கிற வேலை இது. ஸ்டீஃபன் சொன்ன வெயில் இதுதான். யாரையும் வதைக்காம, ஒரு கேமராவும் தடயமும்தான் முதல் கதவைத் திறந்துச்சு.

ரெண்டாவது பாதி நிழல்ல நடந்துச்சு.

குற்றம் சாட்டப்பட்டவங்க 41 பேர். 12 பேர் செத்துட்டாங்க, 3 பேர் தலைமறைவு. மீதி 26 பேர் மேல பூந்தமல்லி தடா கோர்ட்ல மூடின கதவுக்குள்ள விசாரணை. அதுல 17 பேரோட 15-ஆம் பிரிவு வாக்குமூலம் இருந்துச்சு. 1998 ஜனவரி 28-ல 26 பேருக்கும் தூக்கு. ஒருத்தர் பாக்கி இல்லாம, மொத்தமா.

1999 மே 11-ல சுப்ரீம் கோர்ட் 19 பேரைத் தூக்குலேர்ந்தும் கொலைக் குற்றத்துலேர்ந்தும் விடுவிச்சது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நாலு பேருக்கு மட்டும் தூக்கு உறுதி. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூணு பேருக்கு ஆயுள். இதுல பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கு. இது தடா சட்டம் சொல்ற பயங்கரவாதச் செயல் ஆகாதுன்னு கோர்ட் சொல்லி தடா குற்றத்துலேர்ந்து எல்லாரையும் விடுவிச்சது. ஆனா தடா மூலமா எடுத்த வாக்குமூலம் மட்டும் கொலைக் குற்றத்துக்கும் செல்லும்னு சொல்லிச்சு. வீடு இடிஞ்சு போச்சு, கதவு மட்டும் நிக்கட்டும்ங்கற மாதிரி. ஒருத்தரோட வாக்குமூலம் இன்னொருத்தருக்கு எதிரா எவ்வளவு எடை போடலாம்ங்கறதுல நீதிபதி கே.டி. தாமஸ் மத்த ரெண்டு பேரோட ஒத்துப் போகல. மத்தவங்களைவிட ரொம்பக் கம்மியான எடைதான் கொடுத்தார்.

பேரறிவாளனை 1991 ஜூன் 11-ல கூட்டிட்டுப் போனப்ப வயசு 19. வாக்குமூலம் பதிவானது ஆகஸ்ட் 15. நடுவுல ரெண்டு மாசம் போலீஸ் காவல். குற்றச்சாட்டோட மையம் ரெண்டு 9 வோல்ட் பேட்டரி. அதை வாங்கிச் சிவராசன்கிட்ட கொடுத்தார்ங்கறது. பெட்டிக்கடையில கிடைக்கிற பேட்டரியை வாங்கறது குற்றம் இல்ல. எதுக்குன்னு தெரிஞ்சு வாங்கினாரா என்பதுதான் கேஸே.

2013-ல அந்த வாக்குமூலத்தைப் பதிவு பண்ணின அன்றைய சிபிஐ எஸ்பி தியாகராஜன் வெளிப்படையா ஒன்னு சொன்னார். பேட்டரி எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு பேரறிவாளன் சொன்னாராம். அந்த வரியை எழுதினா ஒப்புதல் வாக்குமூலமாவே நிக்காதுங்கறதால அதை விட்டுட்டு எழுதினாராம். 2017-ல சுப்ரீம் கோர்ட்டுக்கு பிரமாணப் பத்திரமாவும் கொடுத்தார். புலனாய்வுத் தலைவர் கார்த்திகேயன் இதை ஏத்துக்கல. எந்த கோர்ட்டும் இதை வெச்சு தண்டனைத் தீர்ப்பை மாத்தவும் இல்ல. அதனால 'நிரபராதின்னு நிரூபணம் ஆச்சு'ன்னு வாட்ஸப்ல வர்றது தப்பு. ஆனா எனக்கு அந்த ஒரு வரி போதும். நாங்க கேஸ் ஷீட் எழுதும்போது நோயாளி 'நெஞ்சு வலி இல்ல டாக்டர்'னு சொன்னதை விட்டுட்டா, அடுத்த டாக்டர் வேற நோய்க்கு மருந்து கொடுப்பார். இல்லைன்னு சொன்னதையும் எழுதணும்னு முதல் வருஷ மாணவனுக்கே சொல்லிக் கொடுக்கறோம். இங்க போனது மருந்து இல்ல, கயிறு.

இதுல இன்னொன்னு எரிச்சலா இருக்கு. தடா 15-ஆம் பிரிவு வாக்குமூலத்தை டேப்ல பதிய அனுமதிச்சது. கேசட் காலம்தான் அது. டேப் இருந்திருந்தா 22 வருஷம் கழிச்சு ஒரு ரிட்டயர்ட் அதிகாரியோட மனசாட்சியை நம்பி யாரும் நிக்க வேண்டியதில்ல. 1974 குண்டுவெடிப்பு கேஸ்ல போலீஸ்கிட்ட 'ஒத்துக்கிட்ட' பர்மிங்காம் ஆறு பேர் 16 வருஷம் கழிச்சு விடுதலையானது 1991 மார்ச்ல, ஸ்ரீபெரும்புதூருக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அதுக்குள்ள இங்கிலாந்து ஸ்டேஷன்ல விசாரணையை டேப்ல பதியற வழக்கத்துக்கு வந்துட்டாங்க.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமா சொல்றேன். 2000-ல நளினிக்கு ஆயுளாக் குறைஞ்சுது. மத்த மூணு பேருக்கு 2011 செப்டம்பர் 9 தூக்குன்னு தேதி குறிச்சாங்க. ஆகஸ்ட் 28-ல நம்ம காஞ்சிபுரத்துல செங்கொடி தன் உயிரை மாய்ச்சுக்கிட்டா. ரெண்டு நாள் கழிச்சு ஹைகோர்ட் தடை கொடுத்துச்சு. அவ இல்லாமலேயும் அந்தத் தடை வந்திருக்கும். இருபதைத் தாண்டிய பொண்ணு, இருந்து அந்த விடுதலையைப் பாத்திருக்கணும். இதை வீரமாப் பாட எனக்கு மனசு வரல. 2014 பிப்ரவரி 18-ல, கருணை மனுவை 11 வருஷம் கிடப்புல போட்டதுக்காக மூணு பேர் தூக்கும் ஆயுளாச்சு. 2022 மே 18-ல பேரறிவாளன், நவம்பர் 11-ல மீதி ஆறு பேர் விடுதலை.

கீழ கண்டிப்பா ஒருத்தர் கேப்பார்: "தீவிரவாதிகிட்ட என்ன சார் மனித உரிமை, ரெண்டு தட்டு தட்டினாத்தானே உண்மை வரும்?" மருத்துவமா பதில் சொல்றேன். வலியும் தூக்கமின்மையும் முதல்ல அடிக்கறதே ஞாபக சக்தியைத்தான். 2016-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு. கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனை மட்டும் அமுக்கக்கூடாதுன்னு சொல்லி வேலை கொடுத்தாங்க. அப்புறம் 'நீ அமுக்கிட்டே'ன்னு பொய்யா எழுதின பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. ராத்திரி தூங்கினவங்கள்ல 18 சதவீதம் பேர் முதல் தடவையே போட்டாங்க. தூங்காம வெச்சவங்கள்ல 50 சதவீதம். ஒரே ஒரு ராத்திரி, ஒரு அடி கூட இல்ல. 60 நாளை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

அடிச்சா வார்த்தை வரும், அதுல சந்தேகம் இல்ல. கேக்கறவனுக்கு எது வேணுமோ அது வரும். இபுன் அல்-ஷேக் அல்-லிபிங்கற கைதியை அமெரிக்கா எகிப்துக்கு அனுப்புச்சு. இராக் அல்-கய்தாவுக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்துச்சுன்னு அங்க அவர் 'ஒத்துக்கிட்டார்'. 2003 பிப்ரவரி 5-ல காலின் பவல் ஐநா சபையில அதை எடுத்து வெச்சார். அடுத்த மாசம் இராக் போர். 2004-ல அல்-லிபி அது பொய், வதை தாங்காம சொன்னதுன்னுட்டார்.

ஊசி போட்டு உண்மையை வரவழைக்கற நார்கோ சோதனையும் இதே ரகம்தான். பென்டோதால் ஆபரேஷன் தியேட்டர்ல நாங்க பயன்படுத்தின மயக்க மருந்து. அரை மயக்கத்துல ஆளுங்க பேசுவாங்க. ராஜா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன்னும் சொல்லுவாங்க, நர்ஸை அக்கான்னும் கூப்பிடுவாங்க. நாம எடுத்துக் கொடுக்கற வார்த்தையை அப்படியே திருப்பியும் சொல்லுவாங்க. 2010 மே 5-ல செல்வி வழக்குல, சம்மதம் இல்லாம இதைச் செய்யக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் நிறுத்துச்சு.

எங்க ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. 1975 டோக்கியோ பிரகடனம், டாக்டர் சித்திரவதையில எந்த வடிவத்துலயும் பங்கெடுக்கக்கூடாதுன்னு சொல்லுது. சிஐஏ சிறைகள்ல டாக்டர்களும் உளவியலாளர்களும் பக்கத்துல இருந்தாங்கன்னு 2014 செனட் அறிக்கை சொல்லுது. நம்ம ஊர்ல அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவல்ட்டில ரிமாண்ட் கைதியைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. ரெண்டு பக்கமும் போலீஸ், முன்னாடி ஃபார்ம். 'காயம் இருக்காப்பா?'ன்னா என்ன சொல்லுவான்? போலீஸை வெளிய நிக்கச் சொல்லணும், சட்டையைக் கழட்டச் சொல்லணும், உள்ளங்காலைப் பாக்கணும், அவன் சொன்னதை அவன் வார்த்தையிலயே எழுதணும். 1996 டி.கே. பாசு தீர்ப்புப்படி காவல்ல இருக்கற வரைக்கும் 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை இந்தப் பரிசோதனை நடக்கணும். பத்து நிமிஷ வேலை. ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கச்சிங்க இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க.

சட்டம் இப்ப எங்க நிக்குது? தடா 1995-ல காலாவதி. 2002 பொடா வாக்குமூல விதியைத் திருப்பிக் கொண்டுவந்துச்சு, 48 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்ங்கற கூடுதல் பாதுகாப்போட. வைகோ வேலூர் ஜெயில்ல இருந்தது அதுலதான். 2004-ல அதுவும் போச்சு. இன்னைக்கு இருக்கற உபா சட்டத்துல போலீஸ் வாக்குமூலம் செல்லும்னு பிரிவு இல்ல. ஆனா குற்றப்பத்திரிகை போடாமலே 180 நாள் வரைக்கும் உள்ள வைக்கலாம். 1872-ஓட 25-ஆம் பிரிவு 2024 ஜூலைலேர்ந்து புதுச் சட்டத்துல 23-ஆம் பிரிவா இருக்கு. விதி அதேதான்.

விடுதலையான ஏழு பேர்ல நாலு பேர் இலங்கைக்காரங்க. ஜெயில் கேட்டைத் தாண்டினதும் அவங்களைத் திருச்சி சிறப்பு முகாம்ல வெச்சாங்க. அப்ப இருந்த 1946 வெளிநாட்டவர் சட்டத்துல அதுக்கு இடம் இருந்துச்சு. குற்றச்சாட்டு தேவைப்படல, தண்டனைக் காலம்னும் ஒன்னு இருக்கல. நம்ம செங்கல்பட்டுலயும் பூந்தமல்லிலயும்கூட இப்படி முகாம்கள் இருந்துச்சு. அதைத் தனி த்ரெட்டா எழுதணும். சாந்தன் அங்க ஒரு வருஷத்துக்கு மேல இருந்தார். கல்லீரல் கெட்டுப் போச்சு. யாழ்ப்பாணத்துல இருந்த வயசான அம்மாகிட்ட போக 2024 பிப்ரவரியில அனுமதி வந்துச்சு. பிப்ரவரி 28 காலையில சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில செத்துப் போனார். உடம்புதான் யாழ்ப்பாணம் போச்சு.